இலங்கை ஐ.எம்.எஃப்.-க்கு எழுதிக் கொடுத்தது என்ன? கொழும்புக்குச் சரக்கு அனுப்புகிறவர் அதில் எதைப் பார்க்க வேண்டும்?

தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு மிளகாய் வத்தலும் உள்ளியும் (வெங்காயம்) அனுப்பும் அண்ணாச்சி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஐ.எம்.எஃப். அடுத்த தவணையை விட்டுவிட்டது என்று பேப்பரில் வருகிறது. கொழும்பு பார்ட்டி, தவணை வந்தாச்சு, இனிமேல் 90 நாள் கடனுக்குச் சரக்கு விடுங்கள் என்கிறார். அந்தத் தவணைக்கும் என் பில்லுக்கும் என்ன சம்பந்தம்? இலங்கை அவர்களிடம் எதையெல்லாம் ஒத்துக்கொண்டிருக்கிறது?"

அண்ணாச்சி, முதலில் தவணையின் அளவைப் பாருங்கள். 2023 மார்ச் 20-இல் ஐ.எம்.எஃப்., அதாவது சர்வதேச நாணய நிதியத்தின் நிர்வாகக் குழு இலங்கைக்கு ஒப்புதல் கொடுத்தது 48 மாதத்துக்குச் சுமார் 3 பில்லியன் டாலர். முதல் தவணை 333 மில்லியன். அதன்பின் 2023 டிசம்பரில் 337, 2024 ஜூனில் 336, 2025 பிப்ரவரியில் 334, 2025 ஜூலையில் 350 என்று ஏறக்குறைய அதே அளவில்தான் வந்தன. 2023-இல் இலங்கையின் மொத்த இறக்குமதி 16.8 பில்லியன் டாலர். வகுத்துப் பார்த்தால் ஒரு தவணை ஏழு நாள் இறக்குமதிக்குத்தான் காணும். ஏழு நாள் பணத்தை நம்பி 90 நாள் கடன் கொடுக்க முடியாது.

அதற்காகத் தவணையைத் தள்ளிவிடவும் முடியாது. சொன்னபடி நடக்கிறார்கள் என்று நிதியம் வைக்கும் முத்திரை அது. அந்த முத்திரையைப் பார்த்துத்தான் உலக வங்கியும் ஆசிய வளர்ச்சி வங்கியும் கைகொடுக்கின்றன, பழைய கடன் கொடுத்தவர்களும் பேச உட்காருகிறார்கள். எனவே தவணை வந்ததா என்பதோடு நிற்காமல், எதைச் செய்து காட்டி வாங்கினார்கள், எதைச் செய்யாமல் தள்ளி வைத்தார்கள் என்று பாருங்கள். உங்கள் பில்லுக்குச் சம்பந்தமானது அதில்தான் இருக்கிறது.

எழுதிக் கொடுத்தது எங்கே இருக்கிறது என்றால், மறைவில் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு மறுஆய்வின்போதும் அரசு நிதியத்துக்கு ஒரு விருப்பக் கடிதம் எழுதும். நிதி அமைச்சரும் மத்திய வங்கி ஆளுநரும் கையெழுத்துப் போடுவார்கள். அதோடு என்னென்ன செய்வோம் என்ற கொள்கைக் குறிப்பும், ஒவ்வொரு சொல்லையும் எப்படி அளப்பது என்ற தொழில்நுட்பக் குறிப்பும் இணைந்து வரும். மூன்றும் நிதியத்தின் இணையதளத்தில் வெளியாகின்றன. முழுவதையும் படிக்க வேண்டியதில்லை. கடைசியில் வரும் இரண்டு அட்டவணைகள் போதும்: ஒன்றில் எண் இலக்குகள், இன்னொன்றில் சட்ட, நிர்வாகச் சீர்திருத்தங்கள்.

அந்த அட்டவணைகளில் இருக்கும் எல்லா வாக்குறுதியும் ஒரே ரகம் இல்லை. முதல் ரகம், முன்கூட்டியே செய்து முடிக்க வேண்டியது. நிர்வாகக் குழு கூடுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கூட்டமே நடக்காது. இரண்டாவது, செயல்திறன் நிபந்தனை. ஜூன் 30, டிசம்பர் 31 போன்ற சோதனை நாளில் எண் இவ்வளவு இருக்க வேண்டும் என்பது. தவறினால் நிர்வாகக் குழுவிடம் விலக்கு வாங்காமல் தவணை வராது. மூன்றாவது, தொடர் நிபந்தனை. இதற்குச் சோதனை நாள் கிடையாது, எப்போதும் மீறக்கூடாது. அன்னியச் செலாவணி நெருக்கடியைக் காரணம் காட்டி இறக்குமதிக்குப் புதுத் தடை போடுவதும், ஒரே டாலருக்கு இரண்டு விலை வைப்பதும் இதில் அடக்கம். ஏற்றுமதியாளருக்கு மிக நெருக்கமான வாக்குறுதி இது. பேப்பரில் மிகக் குறைவாக வருவதும் இதுதான். நான்காவது குறியீட்டு இலக்கு, அதாவது வழிகாட்டியாக வைக்கும் எண். ஐந்தாவது கட்டமைப்புச் சீர்திருத்த மைல்கல், அதாவது இந்தச் சட்டமோ நிர்வாக மாற்றமோ இந்தத் தேதிக்குள் என்பது. கடைசி இரண்டும் தவறினால் விலக்கு தேவையில்லை, மொத்தப் போக்கையும் பார்த்து முடிவெடுப்பார்கள். 'இலக்கைத் தவறவிட்டது' என்று தலைப்புச் செய்தி வந்தால் எந்த ரகம் என்று பார்த்துவிட்டுப் பயப்படுங்கள். 2023 ஜூன் இறுதிச் சோதனையில் ஒரு செயல்திறன் நிபந்தனையும் ஒரு குறியீட்டு இலக்கும் தவறின. முதல் மறுஆய்வு அப்படியும் அந்த டிசம்பரில் முடிந்தது.

முதல் ரகம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு மின்கட்டணக் கதையைவிட நல்ல உதாரணம் கிடையாது. இலங்கை மின்சார சபை அடக்க விலைக்குக் குறைவாக மின்சாரம் விற்று, நட்டத்தை அரசு வங்கிக் கடனில் தள்ளி வந்தது. அந்தக் கடன்தான் சுற்றி வந்து அரசின் தலையில் விழுந்தது. ஆகவே எரிபொருளும் மின்சாரமும் அடக்க விலைக்குக் கீழே விற்கப்படக்கூடாது என்பது ஒப்பந்தத்தின் அடித்தளம். 2022 ஆகஸ்டில் கட்டணம் 75 சதவீதம் ஏறியது. 2023 பிப்ரவரியில் மேலும் 66 சதவீதம். இந்த இரண்டாவது ஏற்றம் நடந்த பிறகுதான் மார்ச்சில் ஒப்புதல் வந்தது. அடுத்து மழை பெய்து நீர்மின்சாரம் கூடவும், 2024 மார்ச்சில் சுமார் 22 சதவீதமும் ஜூலையில் 22.5 சதவீதமும் இறக்கினார்கள். அதுவரை முறைப்படிதான் நடந்தது.

2025 ஜனவரியில், மின்கட்டணத்தை நிர்ணயிக்கும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு இன்னும் 20 சதவீதம் குறைத்தது. இந்த முறை விலை அடக்கத்துக்குக் கீழே போய்விட்டது. ஏப்ரல் இறுதியில் நிதிய அதிகாரிகளோடு நான்காவது மறுஆய்வுக்கு உடன்பாடு ஆனது, ஆனால் நிர்வாகக் குழு கூடவில்லை. மின்கட்டணத்தை அடக்க விலைக்குக் கொண்டுவருவதும், தானாகத் திருத்தும் முறையை நடைமுறைப்படுத்துவதும் முன்நிபந்தனை ஆயின. ஜூனில் 15 சதவீதம் ஏற்றினார்கள், ஜூலை 1-இல் குழு கூடித் தவணையை விட்டது. இதில் ஒரு கணக்கைக் கவனியுங்கள். 100 ரூபாயை 20 சதவீதம் குறைத்தால் 80. அதில் 15 சதவீதம் ஏற்றினால் 92. அதாவது பழைய விலைக்குக்கூடத் திரும்ப வேண்டியிருக்கவில்லை. 20-க்குப் பதில் 8 மட்டும் குறைத்திருந்தால் இதே இடத்துக்குத்தான் வந்திருப்பார்கள், ஜூனில் மக்கள் தலையில் திடீரென்று 15 சதவீதம் ஏறியிருக்காது. கட்டணத்தைச் சிறிது சிறிதாக, காலாண்டுதோறும் திருத்த வேண்டும் என்று நிதியம் அடித்துச் சொல்வதன் நியாயம் இங்கே தெரிகிறது. அதிகாரிகள் மட்ட உடன்பாடு வேறு, நிர்வாகக் குழு ஒப்புதல் வேறு என்பதும் இங்கேதான் விளங்கும். இரண்டுக்கும் நடுவே இரண்டு மாதம் ஓடலாம். முதன்முறையாக 2022 செப்டம்பர் 1-இல் அதிகாரிகள் மட்ட உடன்பாடு ஆகி, ஒப்புதல் வர ஆறு மாதத்துக்கு மேல் ஆனது. கடனைச் சீரமைக்கச் சம்மதம் என்று கடன் கொடுத்த நாடுகளின் உத்தரவாதக் கடிதங்கள் வரவேண்டியிருந்ததும் அதற்கு ஒரு காரணம். 2023 ஜனவரியில் அந்தக் கடிதத்தை முதலில் கொடுத்தது இந்தியா.

எண் இலக்குகளில் நீங்கள் பார்க்க வேண்டியது நிகர வெளிநாட்டுக் கையிருப்பு. 'நிகர' என்ற சொல்லை விட்டுவிட்டால் ஏமாந்துபோவோம். 2022 இறுதியில் மொத்தக் கையிருப்பு சுமார் 1.9 பில்லியன் டாலர் என்று சொன்னார்கள். அதில் சுமார் 1.4 பில்லியன் சீன மத்திய வங்கியோடு செய்த நாணயப் பரிமாற்றம், அதாவது யுவான். அதை எடுத்து எண்ணெய்க்கோ மருந்துக்கோ கொடுக்க முடியாத நிலை. தொழில்நுட்பக் குறிப்பின்படி கணக்கு எடுத்தால் மத்திய வங்கி வெளியே தர வேண்டியதையும் கழிக்க வேண்டும். கழித்தால் நிகரக் கையிருப்பு பூச்சியத்துக்குக் கீழே நின்றது. இலக்கும் அந்தக் கழித்தல் குறியிலிருந்து மேலே ஏறி வருவதாகத்தான் போடப்பட்டது. 2024 இறுதியில் மொத்தக் கையிருப்பு 6.1 பில்லியன் ஆனது. கடன் வாங்கி மட்டும் வந்தது இல்லை, மத்திய வங்கி சந்தையில் டாலர் வாங்கிச் சேர்த்ததும் அதில் பெரும் பங்கு. கொழும்பு வங்கி எல்.சி. (சரக்குப் பணத்துக்கு வாங்குபவரின் வங்கி தரும் உறுதிக் கடிதம்) திறந்தால் டாலர் கிடைக்குமா என்ற உங்கள் கவலைக்கு இந்த எண்தான் பதில் சொல்லும்.

இதோடு ஒட்டி இன்னொரு நிபந்தனை, மத்திய வங்கி அரசுக்குக் கொடுக்கும் கடனுக்கு உச்சவரம்பு. நோட்டு அச்சடித்துச் செலவு செய்ததன் விளைவு 2022 செப்டம்பரில் கொழும்புப் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. 2023-ஆம் ஆண்டின் 16-ஆம் எண் மத்திய வங்கிச் சட்டம் அந்தக் கதவை மூடியது. பணவீக்க இலக்கு 5 சதவீதம். 2023 மார்ச்சில், ஒப்புதலுக்குச் சில நாள் முன்னதாக, மத்திய வங்கி மற்ற வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனின் வட்டியை 16.5 சதவீதத்துக்கு ஏற்றியதும் முன்நிபந்தனைக் கணக்கில்தான் வந்தது. அதனால் ஏறிய வட்டியில் கடன் வாங்கிக் கடை நடத்திய சிறு வியாபாரிகள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. ஆனாலும் 2023 செப்டம்பரில் பணவீக்கம் 1.3 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது.

வரிப் பக்கம் வருவோம். 2019 டிசம்பரில் வாட் வரியை 15-லிருந்து 8 சதவீதமாகக் குறைத்தார்கள். வருமான வரியையும் சுருக்கினார்கள். அந்த வருமானம் போனபின் கொரோனா வந்தது, கடன் தரும் சந்தை கதவடைத்தது. 2022-இல் அரசு வருமானம் நாட்டு உற்பத்தியில் சுமார் 8 சதவீதம்தான். வாட் 2022 ஜூனில் 12, செப்டம்பரில் 15, 2024 ஜனவரி 1-இல் 18 சதவீதம் ஆனது. கம்பெனி வரி 30 சதவீதம், தனிநபர் வரியின் உச்ச விகிதம் 36 சதவீதம். வட்டிச் செலவை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் வரவு, செலவை விட உற்பத்தியில் 2.3 சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும், 2025-லிருந்து. பொதுக்கடன் 2032-க்குள் 95 சதவீதத்துக்குக் கீழே வரவேண்டும். 2027 முதல் 2032 வரை ஆண்டுதோறும் வெளிநாட்டு நாணயத்தில் கட்டும் கடன் தவணை உற்பத்தியில் 4.5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது.

எதை மாற்றிக்கொள்ளலாம், எதை மாற்ற முடியாது என்பதும் இங்கேதான் தெரியும். வீட்டுச் சொத்தை வைத்து ஒரு வரி போடுவதாக முந்தைய அரசு ஒத்துக்கொண்டிருந்தது. 2024 செப்டம்பரில் ஆட்சி மாறியது. புது அரசு அதைத் தள்ளிவைத்துவிட்டு, வட்டி வருமானத்தில் பிடித்தம் செய்யும் வரியை 5-லிருந்து 10 சதவீதமாக்கியது, சேவை ஏற்றுமதிக்கு வரி போட்டது. நிதியம் ஏற்றுக்கொண்டது. வழி எதுவானாலும் 2.3 வந்தாக வேண்டும், அவ்வளவுதான். தேர்தலில் பேசிய பேச்சுக்கும் ஆட்சிக்கு வந்தபின் போட்ட பட்ஜெட்டுக்கும் இடையே இடம் இவ்வளவு குறுகியதற்கு அதுவே காரணம்.

இதுவரை சொன்னதை வைத்து எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். இது இலங்கைக்கு 17-ஆவது ஒப்பந்தம். 2016-இல் போட்ட 1.5 பில்லியன் டாலர் ஒப்பந்தம் முழுத் தவணையும் வாங்காமலே 2020-இல் முடிந்தது, அது நடப்பில் இருந்தபோதேதான் அந்த 2019 வரிக்குறைப்பு. திரும்பத் திரும்பத் தடுக்கி விழும் இடம் ஒன்றுதான். கெசட்டில் ஒரு வரி போட்டால் முடிகிற காரியம் நாளுக்குள் முடிந்துவிடும்: வரி விகிதம், வட்டி விகிதம், எண்ணெய் விலை. நாடாளுமன்றத்தில் சட்டம் போடுவதும் பெரும்பாலும் முடிந்துவிடும். 2023-இல் ஊழல் எதிர்ப்புச் சட்டம், 2024-இல் வட்டி நீங்கலான அரசுச் செலவுக்கு உற்பத்தியில் 13 சதவீத வரம்பு கட்டும் பொது நிதி முகாமைச் சட்டம் எல்லாம் வந்தன. அந்தச் சட்டத்தைத் தினசரி நடத்திக்காட்ட ஆளும் கணினியும் அலுவலக ஒழுங்கும் வேண்டிய இடத்தில் தேதி தள்ளிப்போகும். ஏற்றுமதியாளர்களுக்கு இருந்த எளிமைப்படுத்திய வாட் முறையை எடுத்துவிட்டு, வரியைக் கட்டிவிட்டுத் திரும்ப வாங்கும் முறைக்கு மாறுவதைப் பாருங்கள். 2025 ஏப்ரல் என்று சொல்லி அக்டோபருக்குப் போனது. ரீஃபண்ட் நேரத்துக்கு வராவிட்டால் அவர்களுடைய நடைமுறை மூலதனம் அரசிடம் முடங்கும் என்ற பயம் நியாயமானது. உங்களிடம் சரக்கு வாங்குகிறவர் அதைப் பதப்படுத்தி மறு ஏற்றுமதி செய்கிறவராக இருந்தால், அவர் பணம் முடங்கும்போது உங்கள் பில்லும் பிந்தும். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தில் எனக்கு மனம் ஒப்பாத இடம் ஒன்று உண்டு. சமூகச் செலவுக்கு இவ்வளவுக்குக் குறையக்கூடாது என்று ஒரு கீழ்வரம்பு இருக்கிறது. 2023 ஜூலையில் தொடங்கிய 'அஸ்வெசும' உதவித்தொகை அதில்தான் வருகிறது. ஆனால் அந்த இலக்கு எவ்வளவு செலவானது என்பதைத்தான் அளக்கிறது, யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதை அளப்பதில்லை. 18 சதவீத வாட் மலையகத்துத் தோட்டத் தொழிலாளி வாங்கும் சோப்பிலும் விழுகிறது. அந்த மக்களின் பாட்டன் பூட்டன்மாரில் பலர் திருநெல்வேலி, ராமநாதபுரம், மதுரைச் சீமைகளிலிருந்து கப்பல் ஏறியவர்கள். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் திரும்பி வந்த குடும்பங்கள் நம் பக்கத்திலும் உண்டு. உள்நாட்டுக் கடன் சீரமைப்பில் 2023-இல் வங்கிகளிடம் இருந்த ரூபாய்க் கடன் பத்திரங்களைத் தொடாமல், ஊழியர் சேமலாப நிதி போன்ற ஓய்வூதிய நிதிகளின் கடன் பத்திரங்களை மாற்றியதும் அப்படித்தான். வங்கி சாய்ந்தால் எல்லோரும் சாய்வோம் என்ற வாதம் சரிதான். இருந்தாலும் தொழிலாளியின் சேமிப்பு அதற்கு விலை கொடுத்தது.

நம் நாடும் இந்தப் படியில் ஏறி வந்ததுதான். 1991-இல் கையிருப்பு வற்றியபோது ரிசர்வ் வங்கி சுமார் 47 டன் தங்கத்தை இங்கிலாந்து வங்கிக்கு அனுப்பிக் கடன் வாங்கியது. ஜூலை 1, 3 தேதிகளில் ரூபாய் மதிப்பைக் குறைத்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் இறக்குமதிக்கு எல்.சி. திறக்க மதிப்பின் இரண்டு மடங்கு பணத்தை மார்ஜினாக, அதாவது வங்கியில் முன்பணமாகக் கட்டச் சொன்னார்கள். பழைய அண்ணாச்சிமாருக்கு நினைவிருக்கும். இதைச் சொல்லக் காரணம், இந்த மார்ஜின் உத்தரவு நெருக்கடிக்கு முன்னாலேயே தெரியும் அறிகுறி. இலங்கை 2021 செப்டம்பரில் 623 இறக்குமதிப் பொருள்களுக்கு 100 சதவீத ரொக்க மார்ஜின் கேட்டது. ஏழு மாதத்தில், 2022 ஏப்ரல் 12-இல், வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. இடையில் டாலரை 200 இலங்கை ரூபாயை ஒட்டிப் பிடித்து வைத்திருந்து, மார்ச் 7-இல் கைவிட்டார்கள். மே மாதத்துக்குள் 360-ஐத் தொட்டது. அதே சரக்குக்குக் கொழும்பு பார்ட்டி ஒன்றேமுக்கால் மடங்குக்கு மேல் ரூபாய் புரட்ட வேண்டிவந்தது. ஆள் நேர்மையானவர்தான், ஆனாலும் பணம் வரவில்லை என்று அன்று நம் பக்கத்தில் கேட்ட புலம்பலுக்குக் காரணம் இதுதான்.

எனவே இனிக் கவனிக்க வேண்டியதைச் சொல்கிறேன். கொழும்பு வங்கிகள் மார்ஜின் கேட்கத் தொடங்கினால், அல்லது வங்கி டாலர் விலைக்கும் வெளிச்சந்தை விலைக்கும் இடைவெளி விரிந்தால், கடன் விடுவதை அன்றே நிறுத்துங்கள். தொடர் நிபந்தனை ஆட்டம் காண்கிறது என்று அர்த்தம். ஜூன், டிசம்பர் சோதனை நாள் முடிந்து, அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டம் நடக்காமல் இழுத்துக்கொண்டே போனால், எந்த முன்நிபந்தனை பாக்கி என்று பாருங்கள். மின்கட்டணம் போன்றதென்றால் ஒன்றிரண்டு மாதத்தில் தீரும். பட்ஜெட்டே ஒத்துவரவில்லை என்றால் அது பெரிய விஷயம். 2020 மார்ச் முதல் இருந்த வாகன இறக்குமதித் தடை 2025 பிப்ரவரியில் சொந்த வாகனங்களுக்கும் நீங்கியது. வாகன இறக்குமதி வரியை நம்பித்தான் வருமானக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். வாகனத்துக்குப் போகும் டாலரும் அதே கையிருப்பிலிருந்துதான், ஆகவே கையிருப்பு எண்ணை மாதாமாதம் பார்த்துவாருங்கள். மத்திய வங்கி வெளியிடுகிறது.

உங்கள் சரக்குக்கு நேரடி ஆபத்து ஐ.எம்.எஃப். பக்கத்திலிருந்து வருவதைவிட, விசேட வியாபாரப் பண்ட வரியிலிருந்து வரும். உள்ளி, உருளைக்கிழங்கு, வத்தல் போன்றவற்றுக்கு மற்ற வரிகளுக்குப் பதிலாகக் கிலோவுக்கு இவ்வளவு என்று போடும் ஒற்றை வரி அது. அங்கே அறுவடை வரும்போது கெசட் அறிவிப்பில் ஏற்றிவிடுவார்கள். சரக்கு கடலில் இருக்கும்போது வரி ஏறினால் பார்ட்டி விலையைக் குறைக்கச் சொல்வார். வரி ஏறினால் யார் பொறுப்பு என்று ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள்.

கடைசியாக அந்த 90 நாள். கொழும்பு வங்கி திறந்து, நம் ஊர் வங்கி உறுதி செய்த எல்.சி. என்றால் 90 நாள் விடலாம், ஏனென்றால் பொறுப்பு நம் வங்கிக்கு வந்துவிடுகிறது. உறுதி செய்வதற்கான கட்டணத்தை விலையில் சேருங்கள். உறுதி இல்லாத எல்.சி. என்றால் பார்த்தவுடன் பணம் என்ற வகையோடு நிறுத்துங்கள். வெறும் பில்லை நம்பி, எல்.சி. இல்லாமல் 90 நாள் கேட்டால், ஏற்றுமதிக் கடன் உத்தரவாதக் கழகத்தின் பாலிசியில் அந்த வாங்குபவரின் பெயருக்கு வரம்பு வாங்கிவிட்டு, அந்த வரம்புக்குள் மட்டும் அனுப்புங்கள். 2022 ஜூலையில் ரிசர்வ் வங்கி, இலங்கை வியாபாரக் கணக்கை, மத்திய வங்கிகள் வழியாகக் கணக்குத் தீர்க்கும் ஆசியத் தீர்வக ஏற்பாட்டுக்கு வெளியே முடித்துக்கொள்ள அனுமதித்தது. அதே மாதம் ரூபாயில் சர்வதேச வியாபாரம் செய்யத் தனி வோஸ்ட்ரோ கணக்கு (வெளிநாட்டு வங்கி நம் வங்கியில் வைக்கும் ரூபாய்க் கணக்கு) முறையும் வந்தது. ரூபாயில் பில் போட்டால் டாலர் தட்டுப்பாட்டின் அடி கொஞ்சம் குறையும். ஆனால் அங்குள்ள வங்கியிடம் இந்திய ரூபாய் இருக்கிறதா என்று உங்கள் வங்கிக் கிளையில் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகு விலை பேசுங்கள்.